அம்மா தலைவர் தேர்தலில் நின்ற வருடம்

அண்ணாவின் முகத்தை நெடுங்காலத்துக்குப் பிறகு நான் கண்டது ஈஸ்ட்ஹாமில், வாடகைக்கு எடுத்த ஒரு பாடசாலை மண்டபத்தில். எங்கள் ஊர்க்காரர் லண்டனில் நடத்தும் ஒன்றியத்தின் வருடாந்த ஒன்றுகூடல் அன்று. வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. உள்ளே மேடைக்கு இடப்பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த நீளமான மேசை. சண்டைக் காலத்தில் செத்துப்போன ஊர்ச்சனத்தின் படங்களை ஒரே அளவில் பெரிதாக்கி, ஒரே மாதிரிச் சட்டம் போட்டு அதில் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் மல்லிகை மாலை, முன்னால் சுடர் போல நடுங்கும் சின்ன மின்விளக்கு. இரண்டாவது வரிசையில், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் இரட்டைப் பின்னலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அண்ணா.

எங்களிடம் அவருடைய படம் ஒன்றுகூட இருக்கவில்லை. இடம்பெயர்ந்தபோது தூக்கிய பைகளில் எதுவும் கடைசிவரை வந்து சேரவில்லை. யாரிடமோ இருந்த உதைபந்தாட்டக் குழுப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரத்தில் இன்னொருவரின் தோள் தெரிந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவர் அப்படித்தான் கண்ணைச் சுருக்குவார் என்பதை நான் மறந்துபோயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணா சாகவில்லை. அவர் செத்ததை யாரும் காணவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஊரோடு வெளிக்கிட்டு வந்த கிழமை, கட்டிய இடத்திலேயே விட்டுவந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் திரும்பிப் போனார். அவர் வரவில்லை. மாடு வந்தது. பல நாள் கழித்து, நாங்கள் தங்கியிருந்த கோயில் வளவுக்கு வெளியே, வேறு யாருடையவோ மாடுகளோடு நின்றது. கழுத்தில் கயிறு இல்லை. அம்மா அந்த வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை வீடுவரைக்கும் போயிருக்கிறான் என்றார். அதற்கு மேல் எங்களுக்குத் தெரிந்தது எதுவும் இல்லை.

மண்டபத்தில் அம்மா நேரே மேசைக்குப் போனார். அண்ணாவின் மாலையைக் கழற்றி மேசைக்குக் கீழே வைத்தார். பிறகு விளக்கை அணைக்க வயரை இழுத்தார். எல்லா விளக்கும் ஒரே வயரில் ஓடியிருக்கிறது. மேசை முழுவதும் இருண்டது.

அந்த நேரத்துத் தலைவர் ஓடி வந்தார். இல்போர்ட் பக்கம் கார் ஓட்டப் பழக்குபவர். பாதி ஊர் அவரிடம்தான் லைசன்ஸ் எடுத்தது. எல்லோருக்கும் அவர் ட்ரைவிங் அண்ணை.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"என்ர பிள்ளையை எடுக்கிறன்."

"நாங்கள் ஒரு மரியாதைக்குத்தான் அக்கா வைச்சனாங்கள்."

"உயிரோட இருக்கிறவனுக்கு உந்த மரியாதை வேண்டாம் தம்பி."

மேசைக்குக் கீழே குனிந்து வயரைத் தேடி மீண்டும் கொழுவியவர், இரட்டைப் பின்னல்காரியின் தாய். நான் அன்ரி என்று கூப்பிடுவேன். மகள் ஷெல் விழுந்து செத்தவள். அதை அன்ரி கண்ணால் கண்டவர். "விடுங்கோ தம்பி, அவவோட கதைக்காதேங்கோ" என்று தலைவரைத் தள்ளிவிட்டு, அம்மாவின் காதில், "என்ர பெட்டையை ஏனடி இருட்டில விட்டனி" என்றார். அம்மா படத்தைச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். அப்பா பின்னால் வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

அன்ரியும் அம்மாவும் நகரத்துக்குள் ஒரே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தார்கள். மனோர் பார்க்கில் எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்த வீதிகளில் இருந்தன. விடியப்புறம் இருபத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில், நடுவில் மடியும் அந்த நீள பஸ்ஸில், ஒரே சீற்றில் போவார்கள். அன்ரி பேசிக்கொண்டே வருவார். அம்மா முன்னால் இருக்கும் இளந்தாரிகளின் பின்கழுத்துகளைப் பார்த்துக்கொண்டு வருவார். அன்ரிக்கு அது தெரியும். யாராவது எழும்பி இறங்கும்போது, "அது இல்லையடி, முகத்தைப் பார்த்தனான்" என்பாராம். இதை அன்ரியே எனக்குச் சொன்னார்.

வீட்டுத் தொலைபேசி எண்ணையும் அம்மா மாற்ற விடவில்லை. காணாமல் போனோரைத் தேடும் அலுவலகத்தில் கொடுத்த எண் அது. அந்த நாட்களில் விற்பனைக்காரரின் கணினி அழைத்துவிட்டு, நாங்கள் எடுத்தால் ஒருவரும் பேசாத அழைப்புகள் அடிக்கடி வரும். நான் வைத்துவிடுவேன். அம்மா வைக்க மாட்டார். "சொல்லு, எனக்குக் கேக்குது" என்று சொல்லிக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கம் தானாகத் துண்டிக்கும்வரை நிற்பார். குசினியில் பருப்பு அடிப்பிடிக்கும்.

கொண்டுவந்த படத்தைச் சுவரில் கொழுவவில்லை. தொலைக்காட்சிக்கு மேலே, என்னுடைய பள்ளிக்கூடப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். சாமியறையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாமோ அவ்வளவு தூரத்தில்.

அந்த மேசையால் ஒன்றியம் இரண்டாகப் பிரிந்தது. மூன்று மாதத்தில் தலைவர் தேர்தல் வந்தது. ட்ரைவிங் அண்ணை மறுபடியும் நின்றார்: படங்கள் இருக்க வேண்டும், அடுத்த முறை இன்னும் பெரிதாக, மேடைக்கு நடுவில். அவரை எதிர்த்து நின்றவர் எங்கள் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பிரான்சில் பல வருடம் இருந்து, அங்கே பாஸ்போர்ட் எடுத்து, பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காக லண்டன் வந்தவர். அவருக்குப் படங்களே கூடாது.

"கொண்டாட்டம் எண்டு சொல்லிக் கூப்பிடுறம்" என்று கடையில் சாமான் போட்டுக் கொடுத்தபடி சொல்வார். "உள்ளுக்க வந்தா செத்த வீடு. என்ர மகள் சாப்பாட்டுக் கோப்பையோட மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவள். பிறகு வரமாட்டன் எண்டிட்டாள்."

அவரை இரக்கமில்லாதவர் என்று சிலர் சொன்னார்கள். அவருடைய தம்பியின் படமும் அந்த மேசையில் இருந்தது. ஒருமுறை நான் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நிற்க, கேட்காமலே சொன்னார்: "பிள்ளை, கடையைத் திறந்தாப் பூட்டுமட்டும் அவன் உந்தத் தேங்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிறான். வருசத்தில ஒரு நாள் எனக்கு லீவு வேணும்."

எங்கள் வீட்டில் இந்த இருவரைப் பற்றியும் பேச்சே எழவில்லை. அம்மா யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், அரசியல். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவர். அம்மா அதற்கும் முன்னமே பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப்பட்டவர். அதனால் வகுப்பில் கேட்ட எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்தத் தவணை ஜனாதிபதித் தேர்தல்களில் மூன்றாவது வேட்பாளர் என்ன செய்கிறார் என்பதைப் படித்தோம். இரண்டாயிரமாம் ஆண்டு அமெரிக்காவில், ஒரே ஒரு மாநிலத்தில் சில நூறு வாக்குகளால் வெள்ளை மாளிகை கைமாறியது. அங்கே வெல்வதற்கு வழியே இல்லாத மூன்றாமவர் அந்தச் சில நூறைப் போலப் பல மடங்கு வாங்கியிருந்தார். விரிவுரையாளர் பலகையில் பெரிய வட்டம் இரண்டும் சின்ன வட்டம் ஒன்றும் கீறினார். சின்ன வட்டம் தனக்கு அருகில் இருக்கும் பெரிய வட்டத்திலிருந்துதான் சாப்பிடும் என்றார். தனக்குப் பிடிக்காதவரை அது வெல்ல வைக்கும். ஆனால் தேர்தலுக்கு முந்திய நாட்களில் இரண்டு பெரியவர்களையும் தன் கதையைப் பேச வைப்பதும் அதுதான். நான் எல்லாவற்றையும் அழகான எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமை அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "நானும் தலைவருக்கு நிக்கிறன்."

அப்பா கையைக் கோப்பையில் வைத்தபடி இருந்தார்.

"அம்மா, நீங்கள் வெல்ல மாட்டீங்கள்" என்றேன்.

"தெரியும்."

"அதில்லை. உங்களுக்கு விழுகிற வோட்டு ஆரின்ர வோட்டு? போன ஆக்களை மறக்கேலாது, படம் வேணும் எண்டு நினைக்கிற ஆக்கள்தான் உங்களுக்கும் போடுவினம். அப்ப ட்ரைவிங் அண்ணை தோத்துப்போவார். கடைக்கார அண்ணை வந்தா ஒருத்தற்றை படமும் இராது. இதைத்தான் நாங்கள் இப்ப படிக்கிறம்." பலகையில் இருந்த வட்டங்களை ஈரக் கையால் மேசையில் கீறிக்காட்டினேன்.

அம்மா வட்டங்களைப் பார்த்தார். "சின்னது நானோ?"

"ஓம்."

"நல்ல சின்னதாத்தான் கீறியிருக்கிறாய்" என்று சொல்லி, அதன் மேல் ரசச் சட்டியை வைத்தார்.

அப்பா சிரித்தார். பெற்றோல் நிரப்பும் செற்றில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து அவர் சிரிப்பது அபூர்வம். பிறகு, யாரும் கேட்காமல், "எண்பத்திரண்டில ஊரில நானும் ஜனாதிபதிக்கு ஒருக்கா வோட்டுப் போட்டனான். வெல்ல மாட்டார் எண்டு தெரிஞ்ச எங்கட தமிழ் ஆளுக்குத்தான்" என்றார்.

"ஏனப்பா?"

"வேற ஆருக்குப் போட?"

வேட்புமனுவுக்கு ஒருவர் பிரேரிக்க வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். அன்ரி பிரேரித்தார். எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனக்குறை உள்ளவர் போட்டிக்குப் பெயர் கொடுப்பார். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, சமாதானம் சொல்லும். கடைசிக் கிழமையில் அவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார். அன்ரி அப்படித்தான் நினைத்திருக்கிறார். "ரண்டு பேரும் உன்ர படியேறி வரட்டும், அப்பதான் உவைக்கு விளங்கும்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

இருவரும் படியேறித்தான் வந்தார்கள். சாதாரணமாக எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. பெற்றோல் செற்காரரும் துப்புரவுக்காரியும் இருக்கும் வீட்டுக்கு, கலியாணக் கார்ட் கொடுக்கத்தான் வருவார்கள்.

ட்ரைவிங் அண்ணை மனைவியோடு வந்தார். கண் தொலைக்காட்சிக்கு மேலே இருந்த படத்துக்கும் அம்மாவுக்கும் இடையில் அலைந்தது.

"அக்கா, நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறம். தம்பியின்ர படம் இருக்கும், மாலை இராது. லைற்றும் இராது."

"மாலை போட்ட ஆக்களுக்கு நடுவில மாலை இல்லாம வைச்சா, பாவம் எண்டு ஆரும் ஒருத்தர் ஒரு பூவைக் கொண்டுவந்து வைப்பினம்."

"அப்ப தம்பியின்ர படத்தை வைக்கமாட்டம். சரிதானே?"

"அப்ப அவனை மறந்திட்டியள்."

"அக்கா, வைச்சாலும் பிழை, வைக்காட்டிலும் பிழை எண்டா நாங்கள் என்ன செய்யிறது? ரண்டில ஒண்டுதானே ஏலும்."

"அதுக்குத்தான் தம்பி நான் நிக்கிறன்" என்றார் அம்மா. "அவன் இருக்கிறான் எண்டு நீங்கள் சொல்ல வேண்டாம். இல்லை எண்டு சொல்லாதேங்கோ. அதுக்கு உங்களிட்ட ஒரு இடம் இருக்கோ?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பிஸ்கற்றைப் பார்த்தார்.

கடைக்கார அண்ணை தனியே வந்தார், ஒரு பை மாம்பழத்தோடு. அவர் அம்மாவை விலகச் சொல்லவில்லை. "பிரான்சில நானும் ஒருக்கா மனசுக்குப் பிடிச்ச ஒரு சின்ன ஆளுக்கு வோட்டைப் போட்டுட்டு, அடுத்த சுற்றில மூக்கைப் பொத்திக்கொண்டு பிடிக்காதவனுக்குப் போட்டனான் அக்கா. அங்க ரண்டு சுற்று. இஞ்ச ஒரு சுற்றுத்தான். யோசிச்சு நில்லுங்கோ" என்றார். அம்மா நின்றால் தனக்கு நல்லது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாரா, தெரிந்ததால் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

கடைசிக் கிழமையில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அன்ரி பஸ்ஸில் மூன்று நாள் கேட்டுப் பார்த்தாராம். "உன்ர பிள்ளையை ஆரும் கொல்லேல்ல. என்ர பிள்ளைக்கு அந்த ஒரு மேசைதான் கிடக்கு" என்றாராம். இதை அம்மாவே எனக்குச் சொன்னார், சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டார்.

தேர்தல் நாளன்று அதே மண்டபம். வாக்கெடுப்பை நடத்தியவர், ஊரில் விதானையாராக, அதாவது கிராம அலுவலராக, இருந்து பல தேர்தல்களில் கடமை செய்தவர். கோட் சூட் போட்டு வந்திருந்தார். மூன்று பெயர்கள் அடித்த சீட்டைத் தூக்கிக் காட்டி, விரலால் காற்றில் ஒரு பெருக்கல் குறி கீறி, "விரும்பின ஆளுக்கு நேரே புள்ளடி. ஒரு புள்ளடிதான்" என்று மைக்கில் சொன்னார். பின்வரிசை ஆட்கள் வழக்கம்போலத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணும்போதுதான் பிரச்சினை தெரிந்தது. ஒன்றியத்தில் அதுவரை எப்போதும் இரண்டு பேர்தான் போட்டியிட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எல்லோரும் புள்ளடிதான் போட்டார்கள். முதல்முறையாகச் சீட்டில் மூன்று பெயர். ஊரில், இலங்கை ஜனாதிபதித் தேர்தலில், மூன்று பேரோ மேலேயோ நின்றால், ஒன்று, இரண்டு என்று விருப்பு இலக்கம் இடலாம். வயதானவர்களின் கை மூன்று பெயரைக் கண்டதும் தானாக இலக்கத்துக்குப் போய்விட்டது.

கடைக்கார அண்ணைக்கு ட்ரைவிங் அண்ணையைவிட மூன்று வாக்குக் கூட. அம்மாவுக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு சீட்டில் அம்மாவுக்கு நேரே இலக்கம் ஒன்று. ட்ரைவிங் அண்ணைக்கு நேரே இரண்டு.

மண்டபம் கொதித்தது. ஊரில் எண்ணுவதுபோல எண்ணினால், கடைசியாக வந்த அம்மாவின் சீட்டுகள் இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். ட்ரைவிங் அண்ணை வெல்வார். புள்ளடி மட்டும் என்றால் கடைக்கார அண்ணை.

"இது லண்டன். ஊர்ச் சட்டத்தை ஊரில வைச்சிட்டு வாங்கோ" என்றது ஒரு குரல்.

"லண்டன் மேயருக்கும் ரண்டாவது விருப்பம் இருக்குத்தானே. நீர் போடுறேல்லையோ?"

"அவர் வோட்டுப் போடுற நாளிலயும் ஓவர்ரைம் செய்யிற ஆள்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. விதானையார் ஒன்றியத்தின் யாப்பை, அதன் சட்டப் புத்தகத்தை, புரட்டினார். அதில் எதுவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூன்று வேட்பாளரும் சம்மதித்தால் இரண்டாம் விருப்பத்தை எண்ணலாம் என்றார். ட்ரைவிங் அண்ணை உடனே ஓம் என்றார். கடைக்கார அண்ணை, "அக்கா ஓம் எண்டா எனக்கும் ஓம்" என்றார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். எனக்கு விடை தெரியும். என் வாழ்க்கையிலே முதல்முறையாக, படித்த ஒரு விடயம் என் கண்முன்னால் நின்றது, அதிலும் திருத்திக்கொள்ள வாய்ப்போடு. அமெரிக்காவில் அந்த மூன்றாமவருக்கு வாக்களித்தவர்களிடம் யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்கிறார்கள். "ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்று அவர் காதில் சொன்னேன். முன்வரிசையில் அன்ரி திரும்பி உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை, நிச்சயம் இருந்தது.

அம்மா எழும்பினார். "அது எப்பிடி எண்ணுவியள் ஐயா?"

"கடைசியா வந்த ஆளின்ர பேரை முதல்ல வெட்டிவிடுறது. வெட்டிப்போட்டு, அந்தச் சீட்டுகளை..."

"பேரை வெட்டியோ?"

"முறை அப்பிடித்தான் தங்கச்சி."

"ஆள் இஞ்ச நிக்கேக்கயோ?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "வேண்டாம் ஐயா. எனக்குப் போட்டது என்னோட இருக்கட்டும்" என்றுவிட்டு உட்கார்ந்தார்.

கடைக்கார அண்ணை தலைவரானார். யாரும் கைதட்டவில்லை, பிறகு யாரோ தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அன்ரி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய கொண்டையில் இருந்த வெள்ளைக் கிளிப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அது அசையவில்லை.

அதன் பிறகும் இருவரும் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்கள். அம்மா முன்கதவால் ஏறுவார். அன்ரி பின்கதவால் ஏறி, மடிப்புக்கு அப்பால் உள்ள பெட்டியில் இருப்பார். பஸ் வளைவில் திரும்பும்போது மட்டும் ஒருவரை ஒருவர் தெரியுமாம். சேர்ச் ரோட் முருகன் கோயிலில் எங்களைக் கண்டால் அன்ரி எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அம்மாவுக்கு இப்போது ஆள் இல்லை. யாராவது எழும்பி இறங்கினால், அம்மாவே எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு முறை இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு வந்தார்.

அடுத்த ஒன்றுகூடலில் மேசை இல்லை. மேடைக்கு இடப்பக்கத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் ஓடித்திரிந்தார்கள், நல்ல சாப்பாடு. அந்தச் சுவர்ப்பக்கமாகக் கதிரை போட்டிருந்தும் ஒருவரும் இருக்கவில்லை. பழக்கத்தில் எல்லோரும் அந்த இடத்தைச் சுற்றி நடந்தார்கள். நானும் சுற்றித்தான் நடந்தேன். என் கோப்பையை வைத்துக்கொண்டு திரும்பியபோது, இரட்டைப் பின்னல்காரியின் படம் நின்றிருந்த உயரத்தில் ஒரு மஞ்சள் பலூன் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அன்ரி வரவில்லை.

கொஞ்ச நாளில் புதிய தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த முறை கதிரையின் நுனியில் இருந்தார். "அக்கா, நீங்கள் நிக்காட்டி நான் இல்லை. அது எனக்குத் தெரியும். என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ."

"அவனை அங்கத்தவராப் போடுங்கோ" என்றார் அம்மா.

"அக்கா?"

"சங்கத்தில எங்கட மூண்டு பேற்றையும் பேர் இருக்கு. அவன்ர பேர் இல்லை. பதினெட்டு வயசு முடிஞ்ச ஊர்க்காரர் ஆரும் சேரலாம் எண்டுதானே எழுதியிருக்கிறியள்."

அவர் படத்தைப் பார்த்தார். "சரி" என்றார். போகும்போது வாசலில் என்னிடம், "என்ர தம்பியையும் அப்பிடிச் சேர்க்கலாமோ எண்டு ஒருக்கா யோசிச்சன் பிள்ளை. ஆனா நான் அவன்ர உடம்பைத் தூக்கினனான்" என்றார்.

அடுத்த பொதுக்கூட்டம் வந்தது. போன முறை வாக்குக் குழப்பத்துக்குப் பிறகு, இனிக் கூட்டம் தொடங்கும்போது அங்கத்தவர் பெயரைக் கூப்பிட்டு வரவு எடுப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். மண்டபத்துக்குள் போனபோது அன்ரி அங்கே இருப்பதைக் கண்டேன், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால். மேசை மறுபடி வேண்டும் என்று கேட்கப் போகிறார் என்றும், அவரோடு இன்னும் சில தாய்மார் பேச இருக்கிறார்கள் என்றும் வாசலிலேயே சொன்னார்கள். அவர் மடியில் படச்சட்டத்தின் அளவில் ஒரு பொதி, பழைய சேலைத் துண்டால் சுற்றியது.

விதானையார் கூப்பிடத் தொடங்கினார். வந்தவர்கள் ஓம் என்றார்கள். வராதவர்களுக்கு வீட்டுக்காரர் பதில் சொன்னார்கள்.

"வேலை ஐயா, ஷிப்ட்."

"கனடாவில நிக்கிறார்."

"கார் பார்க் பண்ண இடம் தேடுறார் ஐயா, ட்ரைவிங் அண்ணையிட்டப் பழகின ஆள்."

ட்ரைவிங் அண்ணைகூடச் சிரித்தார். அப்பாவின் பெயர் வந்தது. ஓம். அம்மா, ஓம். நான் ஓம் என்றேன்.

பிறகு விதானையார் அண்ணாவின் பெயரைக் கூப்பிட்டார்.

முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. ஊரைவிட்டு வந்த பிறகு, எங்கள் வீட்டாரல்லாத ஒருவர் அதை உரத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. மண்டபத்தின் பின்கதவை யாரோ திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பார்க்க இன்னொருவர் பார்க்க, கடைசியில் நானும் பார்த்தேன். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் தாழ்வார விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விதானையார் இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"இன்னும் வரேல்ல" என்றார் அம்மா. குரல் சாதாரணமாக இருந்தது, கடைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அன்ரி எழும்பினார். அவருடைய மகளின் பெயரை அங்கே யாரும் கூப்பிடப் போவதில்லை. பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் காலை ஒதுக்க, வரிசையை விட்டு வெளியே வந்தார். எங்களைக் கடந்தபோது அம்மா கையை நீட்டினார். அன்ரி அந்தக் கையைக் கண்டார். நிற்காமல் நடந்து, பின்கதவைத் தள்ளித் தாழ்வாரத்துக்குள் போனார். மற்றத் தாய்மார் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆனால் அன்று அந்த மேசையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அம்மா நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பிடிக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பின்கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காகப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

விதானையார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "ஷிப்ட்" என்றது.